பதினான்காம் பக்கத்துக் கதவு

பேருந்து நிலையத்தில் அவரை எல்லோரும் மைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று சொல்வதுதான் வேலை. சும்மா சொல்கிற ஆளும் இல்லை. "தடம் எண் நாற்பத்தேழு, மூன்றாவது நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது" என்று அவர் சொன்னால், அந்த வண்டியில் ஏற வேண்டிய தேவையே இல்லாதவனும் எழுந்து மூன்றாவது நடைமேடையை ஒருமுறை எட்டிப் பார்ப்பான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை வாயை மட்டுமே வைத்துக்கொண்டு பிழைத்தது.

மனைவிக்கு நேர் எதிரான வேலை. இரண்டு தெரு தள்ளி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். அங்கே அவள் எல்லோருக்கும் ஊசியக்கா. ஒரு நாளில் எண்பது கைகளைப் பிடித்து நரம்பு தேடுவாள், எண்பது பேரிடமும் ஒரே வாக்கியம்தான்: "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்." அதற்கு மேல் பேசினால் கை ஆடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. வீட்டிலும் அந்தச் சிக்கனம் தொடர்ந்தது. பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவர் பேசினார், இவள் கேட்டாள். என் பேச்சு உனக்குப் பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்டதில்லை. பிடித்திருக்கிறது என்று இவளும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஆள் வீட்டில் தங்கமாட்டார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை உண்டு. ஓடாத பிரிண்டர்கள், காகிதக் கட்டுகள், நடுவில் ஒரு மேசை. கடைக்காரர், வீட்டு வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன், வங்கி ஊழியர் ஒருவர், இவர் என்று நால்வரும் அங்கே ரோல்பிளேயிங் கேம் ஆடுவார்கள். பலகையும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார்: நீங்கள் குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்? மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் விளக்கை ஏற்றுகிறேன், நான் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுவார்கள். கதை நடத்துபவருக்கு கேம் மாஸ்டர் என்று பெயர். பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் மைக்காரர்தான் உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் அதைக் கேட்டதில்லை, இவரும் கொடுத்ததில்லை.

"வாரம் பூரா கூவினது போதாதா? ஞாயித்துக்கிழமையும் தொண்டை கிழியணுமா?" என்று அவள் கேட்பாள்.

"அது வேலைம்மா, இது கதை" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தொண்டை நிஜமாகவே கிழியத் தொடங்கியபோது அவளுக்குத் தன் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முதலில் 'நாற்பத்தேழு' கம்மியது. பிறகு மாலையானால் குரல் பாதியாகத் தேய்ந்தது. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல்நாணில் ஒரு முடிச்சு இருக்கிறது என்றார். மருந்தில் கரைந்தால் சரி, கரையாவிட்டால் அறுவை. அதன்பிறகு குரல் திரும்பும். இதே குரலாகத் திரும்புமா என்பதற்கு மட்டும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. மாலையில் மைக்காரர் போய் ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கிவந்து எழுத உட்கார்ந்தார்.

"என்ன எழுதறீங்க?"

"உப்புச் சுரங்கக் கதை. நாங்க ஆடுறதிலேயே நல்லது அதுதான். வாய் போனாலும் அது போகக் கூடாது."

கதைக்கு 'உப்புக்குள் நூறு பேர்' என்று பெயர் வைத்தார். மலைக்கு அடியில் ஓர் உப்புச் சுரங்கம். சரிவு ஏற்பட்டு நூறு தொழிலாளிகள் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று நாளில் தண்ணீர் ஏறிவிடும். பழைய மூடிய வழியாக இறங்கி அவர்களை வெளியே கொண்டுவர வேண்டும். வழியில் ஒரு கதவு. அதற்கு ஒரு காவலன், இடுப்புவரை உப்பில் உறைந்து போனவன். அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் காவலனின் குரலை மைக்காரர் அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பேசுவாராம். எலக்ட்ரீஷியன் ஒருமுறை பயத்தில் டீயைக் கொட்டியிருக்கிறார்.

வெளியூரில் படிக்கும் மகள்தான் போனில் வழி சொன்னாள். "அப்பா, கிரவுட்ஃபண்டிங் போடலாம். புத்தகம் வரும்னு நம்பி முன்னாடியே பணம் கட்டறவங்க இருக்காங்க." முப்பது நாள் கெடு. இலக்கைத் தொட்டால் புத்தகம். தொடாவிட்டால் பணம் கட்டியவர்களுக்கே திரும்பிப் போய்விடும். அதற்கொரு வீடியோ வேண்டும் என்றாள். வீட்டுத் திரைச்சீலைக்கு முன்னால் உட்கார்ந்து மைக்காரர் இரண்டு நிமிடம் கதை சொன்னார், கடைசியில் காவலனாக ஒரே ஒரு வரி பேசினார். அன்றைக்கு மருந்து வேலை செய்ததோ, அவர் வீம்பு வேலை செய்ததோ, குரல் முழுசாக வந்தது.

முதல் வாரம் சொந்தபந்தம் வந்தது. அடுத்த இரண்டு வாரம் ஈ ஓட்டினார்கள். கடைசி வாரத்தில் யாரோ அந்த வீடியோவை எடுத்து எங்கோ பகிர, இருபத்தேழாம் நாள் இலக்கைத் தொட்டது. கெடு முடியும்போது முன்னூற்று நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். "இந்தக் குரலுக்காகவே வாங்குகிறேன்" என்று கீழே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். அவர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினார். எதைக் கேட்டு வாங்கினார்களோ அதுவே போகப்போகிறதே என்று அவள் நினைத்தாள்.

புத்தக வேலை விறுவிறுவென்று நடந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் பக்கங்களை அமைத்தார். சுரங்க வரைபடம் எலக்ட்ரீஷியன் வரைந்தது. வயரிங் படம் போட்டுப் பழகிய கை என்பதால், எந்தப் பாதை எங்கே முட்டுகிறது என்று குழந்தைக்கும் விளங்கும். வங்கிக்காரர் பிழை திருத்தினார். நாற்பத்தெட்டு பக்கம். அச்சகத்தில் தேதி வாங்கியாயிற்று, எப்போது கையில் கிடைக்கும் என்று ஆதரவாளர்களுக்கு வாக்கும் கொடுத்தாயிற்று.

அந்த நேரத்தில் பணம் கட்டியவர்களில் ஒரு பெண், பல் டாக்டராம், எல்லோரும் பார்க்கும்படி ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் இல்லாமல், புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேறு யாராவது இதை நடத்திப் பார்த்திருக்கிறார்களா?"

மைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. "பதினோரு வருஷத்துல ஒம்பது தடவை நடத்தியிருக்கேன். எனக்குத் தெரியாததா?" என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கும் ஆள். ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் சத்தமில்லாமல் அந்த டாக்டருக்குப் பதில் எழுதி, அவரும் இதே ஊர்தான் என்று தெரிந்துகொண்டார்.

இதற்கிடையில் மருந்து தோற்றது. அறுவைக்கு நாள் குறித்தார்கள். "இந்த ஒரு வாரமாவது பேச்சைக் குறைச்சுக்கங்க. லீவு போட்டா நல்லது" என்றார் தொண்டை டாக்டர். இவர் லீவு போடவில்லை.

அந்த வாரம் ஊசியக்கா ஒரு காரியம் செய்தாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, வங்கிக்குப் போகிறேன் என்று சக ஊழியர்களிடம் சொல்லிவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் போய் மூன்றாவது நடைமேடையில் உட்கார்ந்தாள். கண்ணாடிக் கூண்டு தூரத்தில் இருந்தது; தூணுக்குப் பின்னால் இருந்த பெஞ்சாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தாள். மேலே குழாய் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. தடம் எண் பன்னிரண்டு. தடம் எண் முப்பது. டப்பாவைத் திறப்பாள், ஒரு வாய்கூட இறங்காது, மூடிவிடுவாள். அரை மணி கழித்து எழுந்து போய்விடுவாள். ஐந்து நாளும் இதே கதை.

அழுகையோடு கோபமும் வந்தது. ஏனென்றால் அந்த மனுஷன் ஒவ்வொரு வண்டியையும் நான்கு தடவை அறிவித்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை சொல்வதுதான் வழக்கம். பேச்சைக் குறை என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டபின் நான்கு தடவை! ஊரில் எல்லோருக்கும் காது செவிடா? மாலையில் வந்ததும் நன்றாகக் கேட்க வேண்டும் என்று பல்லைக் கடிப்பாள். கேட்டால், உனக்கெப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்பாரே. மென்று முழுங்கினாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. பதினான்கு நாள் ஒரு சொல் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் மோசம். பேசினால் தழும்பு கோணலாக ஆறிவிடும், பிறகு திருத்த முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அழித்து எழுதும் வெள்ளைப் பலகை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைக்காரர் வீட்டுக்குள் உலாவினார். 'தண்ணி' என்று எழுதுவதற்குப் பதில் 'தாகத்தால் நா வறள்கிறது' என்று எழுதுவார். கோபம் வந்தால் மூன்று ஆச்சரியக்குறி. ஊமை கண்ட கனவு என்பார்களே, அப்படி எதையோ சொல்லத் தவித்துக்கொண்டே இருந்தார். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிறு. மறுநாள் காலை புத்தகக் கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் போன் செய்தார்.

"அண்ணி, அந்தப் பல் டாக்டரை வரச் சொல்லிட்டேன். மாதிரிப் பிரதியை வச்சு நடத்திப் பாக்கட்டும். வங்கிக்காரன் ஊர்ல இல்ல, மூணு பேராவது ஆடணும். நீங்க வந்து உக்காருங்க."

"எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதவங்கதான் வேணும். அப்படியே உங்க வீட்டுக்காரர் வாயைத் திறக்காம பாத்துக்கங்க."

அப்படித்தான் அவள் முதன்முறையாக அந்த மாடி ஏறினாள். பல் டாக்டருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பல் செட் வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் பகடைகளைக் கொண்டுவந்திருந்தார். மைக்காரரின் நாற்காலியில் அவர் உட்கார, மைக்காரர் ஜன்னலோரம் ஒரு முக்காலியில் பலகையும் கையுமாக ஒதுங்கினார். கல்யாண மண்டபத்தில் குறை கேட்டு நிற்கும் பெண் வீட்டுக்காரர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம். ஊசியக்காவுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள்: சுரங்கக்காரி, பலம் பதினான்கு, பேச்சு ஆறு. பேச்சுக்கு இருபதுக்கு ஆறு என்பது நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு.

தொடக்கம் நன்றாகவே போனது. சுரங்க வாயில், விளக்கு, தண்ணீர் ஏறிய படிக்கட்டு. அவள் பகடை உருட்டி ஒரு விட்டத்தைத் தூக்கிப் பிடித்தாள். மற்ற இருவரும் அடியில் நுழைந்து போனார்கள். தன் பலத்தைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. டாக்டர் பதினான்காம் பக்கத்தைத் திருப்பினார்.

"உப்பில் உறைந்த காவலன் கதவின் முன் நிற்கிறான். வந்தவர்களிடம் பேசுவான். திருப்தியானால் கதவைத் திறப்பான்." வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் பார்த்தார். முன்பக்கத்தைப் பார்த்தார். "இவ்வளவுதானா? என்ன பேசுவான்? எப்படித் திருப்தி ஆவான்?"

ஜெராக்ஸ் கடைக்காரரும் எலக்ட்ரீஷியனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது... மைக்காரர் பாத்துப்பாரு" என்றார் எலக்ட்ரீஷியன்.

"அவர் இல்லையே."

ஜன்னலோரம் தொண்டை அசைந்ததை ஊசியக்கா பார்த்துவிட்டாள். வாய் திறந்துவிட்டது, சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் எட்டி அவர் வாயைப் பொத்தினாள். ஆள் அடங்கவில்லை. பலகையை இழுத்துப் பரபரவென்று எழுதத் தொடங்கினார்.

பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. "சார், எழுதாதீங்க. முன்னூத்து நாப்பத்தாறு வீட்டுக்கும் அந்த போர்டை அனுப்ப முடியுமா?"

பேனா நின்றது. ஒன்பது தடவை நடத்தியும் அவர் அந்த வரியை ஒருமுறைகூட எழுத்தில் தேடியதில்லை. வாயில் இருந்ததால் நோட்டில் இருக்கும் என்றே நினைத்துவிட்டார். பிழை திருத்திய வங்கிக்காரருக்கும் பதில் தெரியுமாதலால் கண்ணில் படவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் இவ்வளவு பேர் சேர்ந்து ஒரே இடத்தில் சறுக்கியிருந்தார்கள்.

நண்பர்கள்தான் விளக்கினார்கள். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல் என்று காவலன் கேட்பான். சொன்னது உண்மை என்று பட்டால் கதவைத் திறப்பான்.

"உண்மைன்னு எப்படித் தெரியும்?"

"எங்க மூஞ்சியைப் பாத்தா அவருக்குத் தெரிஞ்சிடும்" என்றார் கடைக்காரர்.

"எனக்கு உங்க மூஞ்சியை இன்னைக்குத்தான் தெரியும். சரி, சொல்லுங்க."

கடைக்காரர் செருமிக்கொண்டு, சின்ன வயதில் அண்ணன் சைக்கிளை விற்றுவிட்டுத் திருடு போனதாகச் சொன்னேன் என்றார். "அதை ஒம்பது தடவையும் சொல்லியாச்சு" என்று எலக்ட்ரீஷியன் போட்டுக் கொடுத்தார். டாக்டர் வேறு வழியின்றிப் பகடையை உருட்டினார். மூன்று விழுந்தது. கதவு திறக்கவில்லை. எலக்ட்ரீஷியன் ஒரு வீட்டில் ஃபியூஸ் மட்டும் போட்டுவிட்டு முழு வயரிங்குக்கும் காசு வாங்கியதைச் சொல்லித் தானே சிரித்துவிட்டார். அதற்கும் திறக்கவில்லை. விளையாட்டு படுத்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை ஊசியக்காவால் பார்க்க முடியவில்லை.

"அக்கா, நீங்க சொல்றீங்களா?"

சொல்ல மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தாள்.

"ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அஞ்சு நாளும் மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்" என்றாள். "மூணாவது பிளாட்பாரத்துல உக்காந்திருந்தேன். எந்த பஸ்லயும் ஏறல. மைக்குல இவர் பேசறதைக் கேட்டுட்டுத் திரும்பி வந்துடுவேன். இந்தக் குரல் இனிமே கிடைக்காதோன்னு பயமா இருந்துச்சு. வீட்டுலயே கேக்கலாம். வீட்டுல உக்காந்து கேட்டா அழுதுடுவேன்."

கீழே கடைப் பையன் ஜெராக்ஸ் மெஷினை ஓட்டும் சத்தம் கேட்டது. யாரும் பேசவில்லை. சும்மா இருக்கத் தெரியாத கடைக்காரர்கூட பிஸ்கட்டை எடுத்தவர் எடுத்தபடியே வைத்திருந்தார். அவள் கணவரைப் பார்த்தாள். திடுக்கிடுவார் என்று நினைத்திருந்தாள். அவர் திடுக்கிடவில்லை, ஒன்றும் எழுதாத பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதானா என்று அவளுக்குக் கொஞ்சம் வலித்தது.

"கதவு திறக்குது" என்றார் டாக்டர் மெதுவாக.

"பகடை போடலையே?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"யாருமே பேசலையே. அதுக்கு மேல என்ன வேணும்?"

மைக்காரர் நிமிர்ந்தார். பலகையில் எழுதி டாக்டரிடம் நீட்டினார். 'ஒருவர் சொன்னதைக் கேட்டு, பத்து மூச்சு வரை மேசையில் யாரும் பேசாவிட்டால் கதவு திறக்கும். பேசிவிட்டால் திறக்காது.' டாக்டர் அதைப் படித்துவிட்டு, "இதைப் போர்டுல இல்ல, புத்தகத்துல போடுங்க சார்" என்றார். பிறகு மாதிரிப் பிரதியை முதலிலிருந்து புரட்டி, இதே மாதிரி வாயால் மட்டும் சொல்லிவந்த இன்னும் பதினோரு இடங்களில் பென்சிலால் வட்டம் போட்டார். பல்லில் சொத்தை பார்த்துப் பழகிய கண்.

மறுநாள் கோப்பு போகவில்லை. அச்சகத்தில் பள்ளி நோட்டுப் புத்தக வேலை குவியும் நேரம். கையிலிருந்த தேதியை விட்டால் அடுத்தது இரண்டு மாதம் கழித்துத்தான். ஆதரவாளர்களுக்கு என்ன சொல்வது?

"ஆபரேஷன்னு போட்ருவோம். ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க" என்றார் கடைக்காரர்.

மைக்காரர் பலகையில் 'பொய்' என்று எழுதி, மூன்று ஆச்சரியக்குறி போட்டார். அவரே உட்கார்ந்து தட்டினார்: காரணம் என் தொண்டை இல்லை. பதினான்காம் பக்கத்தில் ஒரு கதவு வைத்தேன், அதைத் திறக்கும் வழியை எழுத மறந்துவிட்டேன். வாயால் சொல்லிப் பழகியவனின் தவறு. இரண்டு மாதம் பொறுங்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று அவள் பயந்தாள். இரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஒருவர் திட்டினார். மற்றவர்கள் காத்திருந்தார்கள். "திறக்காத கதவோடு அனுப்பாததற்கு நன்றி" என்று ஒருவர் எழுதியதை அவள்தான் முதலில் பார்த்தாள், தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் காட்டினாள்.

பதினைந்தாம் நாள் தொண்டை டாக்டர் முன்னால் மைக்காரர் வாயைத் திறந்தார். "ஆ" சொல்லுங்கள் என்றார் டாக்டர். வந்தது வேறொரு ஆளின் குரல். தாழ்ந்து, கரகரத்து, பாதி காற்று. மாதங்கள் ஆனபின்னும் அது அவ்வளவுதான் தேறியது. பேருந்து நிலையத்தில் அதற்குள் பதிவு செய்த பெண் குரலைப் போட்டுவிட்டார்கள். அது தவறில்லாமல், யாருக்காகவும் நிற்காமல் அறிவித்தது. இவரை விசாரணை ஜன்னலுக்கு மாற்றினார்கள். கிட்டே வந்து கேட்பவர்களுக்கு அந்தக் குரல் போதும். முதல் நாள் வேலை முடிந்து வந்தவர், சாப்பிடாமல் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஊசியக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

புத்தகம் வந்தது. நாற்பத்தெட்டு பக்கம் ஐம்பத்திரண்டாகியிருந்தது. மூன்று நாள் வீட்டுத் தரை முழுக்க உறைகள்; அவள் ஒட்டினாள், அவர் முகவரி எழுதினார். வெளியூர்களிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. ஓரிடத்தில் ஒரு பெண் காவலனைக் கீச்சுக் குரலில் பேசினாளாம், கேட்டவர்கள் நடுங்கிப் போனார்களாம். "கீச்சுக் குரலா!" என்று மைக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிறு ஜெராக்ஸ் கடை மாடியில் அச்சான புத்தகத்தைப் பிரித்துப் பல் டாக்டர் நடத்தினார். மைக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக ஆட்டக்காரர் நாற்காலியில், கையில் வேஷத் தாளோடு உட்கார்ந்தார். பக்கத்தில் ஊசியக்கா, அதே சுரங்கக்காரி. பதினான்காம் பக்கம் வந்தது. டாக்டர் காவலனை அடித்தொண்டையில் எல்லாம் பேசவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் நோயாளியிடம் பேசுவது மாதிரி, கனிவாக, தப்பிக்க வழியில்லாத குரலில் கேட்டார்.

"யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணைச் சொல்லு."

மைக்காரர் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கடைசி வாரம்" என்றார் கரகரத்த குரலில். "மூணாவது பிளாட்பாரத்துல, தூணுக்குப் பின்னால ஒரு அம்மா வந்து உக்காருவாங்க. மறைஞ்சு உக்காந்ததா நினைப்பு. எதிர்ல கண்டக்டர் ரூம் கண்ணாடியில நல்லாவே தெரிஞ்சுது. டப்பாவைத் திறப்பாங்க, சாப்பிடாம மூடிடுவாங்க. பேசாம கேட்டுட்டே இருப்பாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு தடவைதான் சொல்லணும். நான் நாலு தடவை சொன்னேன். வேற என்ன பண்றது, அங்கிருந்து வேற எதுவும் சொல்ல முடியாதே."

யாரும் பேசவில்லை. கடைக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். டாக்டர் விரலால் மேசையில் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். நான்கு. ஐந்து. ஊசியக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐந்து நாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து இந்த மனுஷனை எவ்வளவு திட்டியிருக்கிறாள். ஆறு. ஏழு.

"தொண்டை டாக்டர் பேச்சைக் குறைக்கச் சொன்ன வாரம்ங்க அது" என்றாள், தாங்க முடியாமல்.

எலக்ட்ரீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டார். பல் டாக்டர் எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தயங்கினார். "ஏழு மூச்சுதான் ஆச்சு. புத்தகத்துல இருக்கிறபடி... கதவு திறக்கல."

"பரவால்ல" என்றார் மைக்காரர், மேசைக்கடியில் மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு. "கொஞ்ச நேரம் வெளியிலயே உக்காந்திருக்கோம்."